அம்மணப் பெட்டி

பத்தொன்பது கிராம். இந்த எண்ணை மறக்காதீர்கள். ஒரு கைபேசியின் சார்ஜ் கேபிள், சுருட்டிக் கட்டிய நிலையில், அவ்வளவுதான் எடை. எரொந்தினா என்ற பெண்ணை வேலைக்குள் வைத்திருந்ததும் அந்தப் பத்தொன்பது கிராம்தான், வெளியே தள்ளியதும் அதேதான்.

காட்டுக்கு நடுவே இருக்கும் மனௌஸ் நகரத்தின் தொழிற்பேட்டையில் கைபேசி செய்யும் கம்பெனி ஒன்றில் எரொந்தினா வேலை பார்த்தாள். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களுக்கு விளம்பரம் செய்துகொடுக்க நான் சம்பளம் வாங்கவில்லை. சாவ் ஜோசே பகுதியில் அவள் வீடு. விடியும் முன்னால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவாள். கேட்டில் இறங்கும்போது கண் திறந்திருக்கும், மூளை திறக்க இன்னும் ஒரு காப்பி ஆகும். பிறகு குல்லா, கோட்டு, விரல் உறை. நான்காவது லைனின் கடைசியில், பெட்டி மூடுவதற்கு ஒரு ஆள் முன்னால், அவள் இடம். கேபிளை எடு, எட்டுப்போட்டுச் சுருட்டு, கட்டு, பள்ளத்தில் வை. அடுத்த பெட்டி. அவளுடைய கலியாணம் வந்தது, போனது, மகள் வளர்ந்து பெலெம் நகரத்துக்கு நர்ஸாகப் போனாள். எரொந்தினா கேபிள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்புறம் பெட்டி மூடப்பட்டு ஒரு தராசின் மேல் ஏறும். பெட்டிக்குள் ஏதாவது குறைந்தால் தராசு கண்டுபிடித்துவிடும். சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும், லைன் நிற்கும். எல்லோரும் தலையைத் திருப்பி யார் என்று பார்ப்பார்கள். கேபிள் இல்லாமல் போன பெட்டிக்கு லைனில் ஒரு பெயர் உண்டு: அம்மணப் பெட்டி. 'யார்றி அம்மணமா அனுப்பினது' என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரொந்தினா அனுப்பிய ஒரு அம்மணப் பெட்டி, தராசு பழுதான நாளில் தப்பி, தெற்கே ஏதோ ஊர்க் கடை வரைக்கும் போய்விட்டது. வாங்கியவன் கத்தினான். அவளைச் சில நாள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். எச்சரிக்கைக் கடிதத்தில் 'வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குத் துரோகம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொற்களை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். நாங்கள் கேலி செய்யும்போதெல்லாம் ஒப்பிப்பாள்.

நான் அந்தக் காலத்தில் உலோகத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். கேட்டுக்கு முன்னால் துண்டறிக்கை கொடுப்பது என் வேலை. எரொந்தினா வாங்குவாள், மடிப்பாள், பஸ்ஸில் விசிறிக்கொள்வாள்.

"படிச்சியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்ல காத்து வந்துச்சு, தோழர். அடுத்த தடவ கொஞ்சம் மொத்தமான தாள்ல போடுங்க."

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் விபத்துத் தடுப்புக் குழுத் தேர்தலில் நின்றாள். சித்தாந்தம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வலித்தது, அவ்வளவுதான். எட்டுப்போட்டு எட்டுப்போட்டு லைனில் பாதிப் பெண்களுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஜெயித்தாள். குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளைக் கம்பெனி சும்மா நீக்க முடியாது, பெரிய குற்றம் எதையாவது காட்ட வேண்டும். இது சட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் அவள் மணிக்கட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள். பணியாளர் துறை மேலாளர் அலுவீசியோ, சாவ் பாவ்லோவிலிருந்து வந்தவர், வாசனைத் தைலம் பூசியவர், ஒவ்வொரு தடவையும் "குறித்துக்கொண்டோம்" என்றார். குறித்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். எரொந்தினாவையும் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு வாரத்தில் கம்பெனிக்குத் திடீரென்று இயற்கை மேல் பாசம் வந்துவிட்டது.

கேண்டீனில் திரை கட்டினார்கள். குருவி கத்தியது, அருவி கொட்டியது, ஒரு குழந்தை மரத்தைக் கட்டிப்பிடித்தது. அலுவீசியோ முன்னால் வந்து, இனிமேல் பெட்டியில் கேபிள் கிடையாது என்றார். எல்லோர் வீட்டிலும் கேபிள் ஏற்கனவே இருக்கிறதாம். தேவையில்லாத கேபிள் காட்டை அழிக்கிறதாம். வேண்டியவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளலாமாம். போன் விலை குறையுமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். மறுபடியும் குருவி கத்தியது.

பெட்டியின் மேல் ஒட்ட ஒரு பச்சை இலை வந்தது. இலைக்குக் கீழே: 'இதனுள் கேபிள் இல்லை. காடு உங்களுக்கு நன்றி சொல்கிறது.'

எரொந்தினா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காடு எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு. ஒரு தடவகூட எனக்கு நன்றி சொன்னதில்ல."

"நீ கேபிள் வச்சவ இல்லியா, மானா," என்றாள் பக்கத்து இடத்துக்காரி. மானா என்றால் எங்கள் ஊரில் அக்கா. "உம்மேல அதுக்குக் கோபம்."

"அப்போ ஊரெல்லாம் அனுப்பப் போறது அம்மணப் பெட்டியா?"

"ஆமா. ஆனா இலை கட்டியிருக்குல்ல. ஆதாம் ஏவாள் மாதிரி."

திங்கட்கிழமை புது முறை தொடங்கியது. பெட்டி வந்தது, எரொந்தினா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், இலை ஒட்டப்பட்டது, மூடப்பட்டது, தராசில் ஏறியது. சிவப்பு விளக்கு. மணி. லைன் நின்றது.

விஷயம் இதுதான். மற்ற லைன்களின் தராசுகளை எல்லாம் புது எடைக்கு மாற்றிவிட்டார்கள். நான்காவது லைனின் தராசை மாற்ற மறந்துவிட்டார்கள். தொழிலாளிக்கு இயற்கைப் பாசம் ஊட்டப் படம் போட்டவர்கள் தராசுக்குப் படம் போடவில்லை. அது பழையபடியே பத்தொன்பது கிராமைக் கேட்டது. மாற்றத் தெரிந்த தொழில்நுட்ப ஆள் மூன்றாவது கட்டடத்தில் எங்கேயோ இருந்தான், கூப்பிட்டால் எடுக்கவில்லை. சுவரில் இலக்குப் பலகை இருந்தது. எத்தனை பெட்டி குறைகிறது என்று சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போயின.

லைன் தலைவன் ஜெயில்சன் ஓடி வந்தான். பெயரில்தான் ஜெயில் இருக்கிறது, ஆள் பயந்தாங்கொள்ளி. வீட்டில் இரட்டைக் குழந்தைகள், மாமியார், தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிள்.

"மானா, ஏதாவது பண்ணு."

"என்ன பண்ண? தராசு கேபிள் கேக்குது."

"கேக்குதுன்னா குடுத்துத் தொலையேன்."

"கேபிள் வைக்கக் கூடாதுன்னு போன வாரம்தான் குருவி கத்துச்சு."

"குருவியா இங்க வந்து இலக்க முடிக்கப் போகுது? தொழில்நுட்ப ஆள் வர்ற வரைக்கும் வச்சுக்கிட்டு இரு. நான் சொல்றேன்."

கேபிள் கூடைகள் இன்னும் அவள் காலடியில்தான் கிடந்தன. எடுத்தாள், எட்டுப்போட்டாள், வைத்தாள். பச்சை விளக்கு. தொழில்நுட்ப ஆள் ஷிஃப்ட் முடியும்வரை வரவில்லை. அன்று முழுவதும் நான்காவது லைனிலிருந்து, வெளியே 'இதனுள் கேபிள் இல்லை' என்று இலை சொல்ல, உள்ளே கேபிளோடு பெட்டிகள் போயின. லாரி ஏறின, கப்பல் ஏறின, கடைகளுக்குப் போயின. வாங்கியவர்களில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. நன்றி சொல்லியும் யாரும் எழுதவில்லை. மக்கள் அப்படித்தான்.

ஸ்டோரில் கேபிள் குறைந்தது தெரிந்ததும் அலுவீசியோவுக்குக் கொண்டாட்டம். எரொந்தினாவைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வேண்டுமென்றே உற்பத்தியைக் கெடுத்தாள், கம்பெனிச் சொத்தை வெளியாட்களுக்கு வாரிக் கொடுத்தாள், எனவே பெரிய குற்றத்தின் பேரில் நீக்கம்.

"ஜெயில்சனக் கேளுங்க. அவந்தான் சொன்னான்," என்றாள்.

"கேட்டாச்சு. தான் எதுவும் சொல்லலன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"தராச மாத்தாதது யாரு?"

"குறித்துக்கொண்டோம்," என்றார் அலுவீசியோ.

முன்பு ஒரு பெட்டிக்குப் பத்தொன்பது கிராம் குறைத்தாள், துரோகம். இப்போது பத்தொன்பது கிராம் கூட்டினாள், சதி. உலகத்திலேயே வாடிக்கையாளருக்குச் சாதகமாகத் திருடிய ஒரே திருடி அவள்தான் என்று நாங்கள் சங்க அலுவலகத்தில் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. குற்றத்தின் பேரில் நீக்கப்பட்டவள் என்று பேர் வந்துவிட்டால் அந்தப் பேட்டையில் வேறு எந்தக் கேட்டும் திறக்காது. ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு, வீங்கிய மணிக்கட்டோடு, வேறு என்ன இருக்கிறது? ரவுண்டானாவில் நின்று ரொட்டி விற்கலாம். ஏற்கனவே அங்கே அவளைப் போல நீக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் விற்கிறார்கள். வாங்கத்தான் ஆள் குறைவு.

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம். சங்கத்தின் வக்கீல் அமிரால்தோ, வயதானவர், தோல்பை அவரைவிட வயதானது. முதல் விசாரணைக்கு முன்னால் கம்பெனி வக்கீல் லோரெனா சமாதானம் பேச வந்தார். சின்னப் பெண், நல்ல படிப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு. எங்கள் பக்கம் பெரிய பெண்களைத் தோனா என்றும் வக்கீல்களை டாக்டர் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"தோனா எரொந்தினா, குற்றம்ங்கிற வார்த்தைய எடுத்துடறோம். சாதாரண நீக்கமா மாத்திக்கலாம். ரெண்டு பக்கமும் நிம்மதி."

"எனக்கு நிம்மதி வேணாம், டாக்டரம்மா. என் எடம் வேணும். நாலாவது லைன், கடைசிக்கு முன்னாடி."

"அந்த எடமே இப்ப இல்லம்மா. கேபிள்தான் இல்லையே."

"அப்போ நான் எத வாரிக் குடுத்தேன்?"

லோரெனா புன்னகைத்துவிட்டுப் போனார். நீதிமன்றத்தில் கொடுத்த எதிர்வாதத்தில் கம்பெனியின் கொள்கையை விளக்கி நீளமாக எழுதியிருந்தார். இன்றைய காலத்தில் ஒவ்வொரு குடிமகனிடமும் பொருத்தமான கேபிள் ஏற்கனவே இருக்கிறது, எனவே கேபிள் கருவியின் அத்தியாவசியப் பகுதி அல்ல, என்று ஒரு பத்தி. நுகர்வோர் வழக்குகளுக்காக எழுதி வைத்திருந்ததை அப்படியே இங்கேயும் ஒட்டியிருக்கிறார்கள். அமிரால்தோ அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் எதையும் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நானும் கவனிக்கவில்லை.

சாட்சி விசாரணை நாளில் காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. நடைவழியில் ஜெயில்சன் கம்பெனி பக்கத்துச் சாட்சியாக உட்கார்ந்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டது, முகம் போடாதது. எரொந்தினா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். உள்ளே துக்குமான் பழத் துண்டும் பாலாடைக்கட்டியும் வறுத்த வாழைப்பழமும். பாதி பிய்த்து நீட்டினாள்.

"வேணாம், மானா."

"சாப்பிடு. பொய் சொல்றதுக்கு வயிறு நெறஞ்சிருக்கணும்."

"எனக்கு ரெட்டப் புள்ளைங்க."

"தெரியும். பேறுக்குப் பாக்க வந்தவதானே நான். தொட்டில் துணி நான் தச்சது."

அவன் ரொட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். கடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. அவன் உள்ளே போய் வாயைத் திறந்தால் எங்கள் வழக்கு முடிந்தது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

கம்பெனியின் சார்பில் வாக்குமூலம் கொடுக்க வேண்டியவர் அலுவீசியோ. தனக்கு வேலை அதிகம் என்று வீடியோவில் வர அனுமதி வாங்கியிருந்தார். அன்று கம்பெனிக்கு ஒரு பசுமை விருது. அலுவலகத்து ஆட்கள் மொத்தமும் கம்பெனி வேனில் ஏறி, ஓட்டலுக்கு விருது வாங்கப் போய்விட்டார்கள். வாக்குமூலத்தை முடித்துவிட்டு அவரும் போய்க் கைதட்டலில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

மழை கொட்டியது. பேட்டையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் லைன்களுக்கு மட்டும். அலுவலகத்துக்கு ஜெனரேட்டர் தேவையில்லை என்று சிக்கனக் குறிப்பு எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணினி அணைந்தது. அலுவீசியோ கைபேசியிலிருந்து விசாரணைக்குள் வந்தார். கம்பெனியின் புத்தம்புது மாடல், மேலாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது, இலை ஒட்டிய பெட்டியில் வந்தது. அவருடைய பழைய கேபிள் அதில் நுழையாது. நுழைகிற கேபிள் ஒன்று வாங்கியிருந்தார், அது வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில்.

திரையில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் இருட்டு. பெயர் சொன்னார், பதவி சொன்னார். நீதிபதியம்மா, வளவளப்பில்லாத மனுஷி, முதல் கேள்வி கேட்டார்: "அன்றைக்கு நான்காவது லைன் தராசு எந்த எடைக்கு வைக்கப்பட்டிருந்தது?"

"அது வந்து, மாண்புமிகு நீதிபதி," என்றார் அலுவீசியோ. முகம் நின்றது. வாய் 'அ' என்று திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரை கறுப்பு.

அந்த நேரத்தில் கம்பெனியில் நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னவர் கேபிள் ஸ்டோர் காப்பாளர் தோனா நசாரியா. எரொந்தினா விவகாரத்துக்குப் பிறகு கேபிளையெல்லாம் கம்பி வலைக்குள் பூட்டிவிட்டார்கள். ஒரு கேபிள் வெளியே வர வேண்டுமென்றாலும் அலுவீசியோ தன் போனில் விரல் வைத்து அனுமதி தர வேண்டும். அவரே போட்ட விதி. அலுவீசியோ மழையில் நனைந்து, டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாராம்.

"ஒரு கேபிள் குடுங்க, சீக்கிரம்."

"அனுமதி வேணுமே, ஐயா."

"அனுமதி குடுக்கிறதே நாந்தானே."

"தெரியும் ஐயா. போன்ல வெரல வைங்க."

"போன் செத்துப்போச்சும்மா. அதுக்குத்தான் கேபிள்."

"அப்போ அனுமதி வரலையே, ஐயா. வராம குடுத்தா என்னையும் குற்றம்னு அனுப்பிடுவீங்க. எரொந்தினாவ அனுப்பலையா?"

வலைக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் கேபிள். இந்தப் பக்கம் மேலாளர். லைனில் இரவல் கேட்கலாமென்றால், தொழிலாளிகளின் போனும் கேபிளும் வாசலிலேயே பூட்டப்படும். அதுவும் அவர் விதி. தோனா நசாரியா அவருக்கு உட்கார நாற்காலி போட்டாராம். அதற்கு அனுமதி தேவையில்லை.

இங்கே நீதிமன்றத்தில் லோரெனா எழுந்தார். "மாண்புமிகு நீதிபதி, விசாரணையை வேறு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டுகிறோம். தொழில்நுட்பக் கோளாறு."

"என்ன கோளாறு?"

லோரெனா தன் போனைப் பார்த்தார். அணைவதற்கு முன் அலுவீசியோ அனுப்பிய செய்தி அதில் இருந்தது. பாவம், பொய் சொல்ல இன்னும் பழகாத பெண். "பேட்டரி தீந்துருச்சு. பக்கத்துல கேபிள் இல்லையாம்."

நீதிபதியம்மா கணினியில் எதையோ தேடினார். நிதானமாகப் படித்தார். "'இன்றைய காலத்தில் ஒவ்வொரு குடிமகனிடமும் பொருத்தமான கேபிள் ஏற்கனவே இருக்கிறது.' இது உங்கள் எதிர்வாதம்தானே, டாக்டர்?"

"ஆமாம், மாண்புமிகு நீதிபதி."

"உங்கள் மேலாளர் குடிமகன்தானே?"

"ஆமாம்."

"அப்படியானால் அவரிடம் இருக்கும். காத்திருக்கிறேன்."

காத்திருந்தார். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அமிரால்தோ மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை அவர் தோள் குலுங்கியது. திரை கறுப்பாகவே இருந்தது. கடைசியில் நீதிபதியம்மா சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டினார்: கம்பெனி எழுத்தில் சொன்னதைத் தானே நம்பாததால் ஒத்திவைப்பு இல்லை, வாக்குமூலம் கொடுக்க ஆள் இல்லாததால், நடந்ததைப் பற்றித் தொழிலாளி சொன்னது உண்மை என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது, மேற்கொண்டு சாட்சி தேவையில்லை.

ஜெயில்சனை உள்ளே கூப்பிடவே இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது அவன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா, மானா?"

"முடிஞ்சுது. பொய்ய வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. இன்னொரு நாளைக்கு ஒதவும்."

அவன் அழுதான். அவள் அவன் சட்டையில் விழுந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. தூளைத் தட்டினாள், அதைத்தான் பார்த்தேன்.

இதை வெற்றி என்று நான் துண்டறிக்கை போடமாட்டேன். முப்பது வருஷம் கேட்டில் நின்று கத்தியும் ஒரு மணிக்கட்டு வீக்கத்தைக்கூட எங்களால் இறக்க முடியவில்லை. ஒரு செத்த பேட்டரி அரை நாளில் ஒரு பெண்ணை வேலைக்குத் திருப்பி அனுப்பியது. பேட்டரியைச் சங்கத்தில் சேர்க்க முடியாது. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. போனால் கேபிள் இல்லாத மேலாளரின் கதை பத்திரிகைக்கு வரும், விருது வாங்கிய படத்துக்குப் பக்கத்திலேயே வரும்.

எரொந்தினா குல்லா போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பழைய இடம் இல்லை என்று லோரெனா சொன்னது உண்மைதான். அவளுக்காகப் புது இடம் ஒன்று இருந்தது. ஐந்தாவது லைன், புதிதாகப் போட்டது. தனியாக விற்கும் கேபிளைப் பெட்டியில் அடைக்கிற லைன். கேபிளை எடு, எட்டுப்போட்டுச் சுருட்டு, கட்டு, வை. அதே மணிக்கட்டு. ஆனால் கேபிள் இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டில் உட்காரும். தட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போகும். உறை ஒரு அட்டைப் பெட்டிக்குள். பெட்டிக்குள்ளே பல மொழிகளில் ஒரு மடிப்புத் தாள், கேபிளை எப்படிச் செருகுவது என்று. மேலே பச்சை இலை. 'காடு உங்களுக்கு நன்றி சொல்கிறது.'

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள். முதல் நாளே, சாப்பாட்டு இடைவேளையில், யாரும் பார்க்காதபோது தராசில் வைத்துப் பார்த்தாளாம். கேபிளை வெளியே எடுத்துவிட்டு, மீதியை மட்டும்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

ஐம்பத்தேழு கிராம்.